திரும்பி வருவேன் என்ற சொல்லை யார் விசாரிப்பது?

“வீசா மறுத்தா மறுத்ததுதான். அதுக்கு மேல என்னா பேச்சு? ஆறு மாசம் விட்டு இன்னொரு தடவ போட்டுப் பாருங்க.”

உக்குவளைக் கடைத்தெருவில், மாத்தளை பஸ் நிலையத்தில், கல்யாணப் பந்தலில் என்று இந்த அறிவுரையை நான் கேட்காத இடமில்லை. பேரப்பிள்ளை பிறக்கும்போது கூடமாட இருக்க, உடன்பிறந்தவனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க, மூன்று மாத வீசா கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு ஊர் சொல்லும் ஆறுதல் இதுதான். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். “தன் நாட்டுக்குள் யாரை விடுவது என்பது அவனவன் உரிமை. தற்காலிக வீசா ஒரு சலுகை. சலுகைக்கு எதற்கு மேன்முறையீடு?” என்கிறார்கள். இதே கருத்தை மெருகேற்றிய மொழியில் லண்டனிலும் கன்பராவிலும் சட்டம் செய்பவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். லயத்து வாசலிலும் வெள்ளைக்காரன் பாராளுமன்றத்திலும் ஒரே பேச்சு ஒலிப்பதால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

அது உண்மையில்லை. நம்மவர்கள் அதைச் சொல்வது எனக்கு வேதனையாகவும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் 34 வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுடைய தலைப்பிரசவத்துக்குப் போய்வர மூன்று மாத வீசா கேட்டார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ஓய்வு பெற்றவருக்கு வேறென்ன எழுதுவது என்றுதான் அப்போது தோன்றியது. சில வாரங்களில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. தொழில் இல்லை, காணி இல்லை, வங்கிக் கணக்கில் உள்ள பணம் அண்மையில் ஒரே தடவையில் வந்திருக்கிறது, ஆகவே இவர் தற்காலிகமாகத்தான் வருகிறார் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம்.

ஒரே தடவையில் வந்த அந்தப் பணம் அவருடைய சேமலாப நிதி. 34 வருடத்து வியர்வை, ஓய்வு பெற்ற பிறகு ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. அதிகாரியின் கண்ணுக்கு அது எங்கிருந்தோ இரவல் வாங்கிப் போட்ட பணமாகத் தெரிந்திருக்கிறது. மூன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சோறாக்கி வைத்து, மாலையில் அழைத்துவரும் ஆள் அவர்தான் என்பது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“வந்துருவேன்னு எழுதலியா மாஸ்டர்?” என்று கேட்டார். எழுதியிருந்தேன். “அப்பறம் ஏன் பொய்ங்கிறாங்க?”

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம், இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென்று வந்த பிரஜாவுரிமைச் சட்டம், நிரூபித்தால் தருகிறோம் என்றது. மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. 1951 ஓகஸ்ட் 5 வரை அவகாசம். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பங்கு போடப்பட்டார்கள்.

அன்று அதிகாரி கேட்டது இதுதான்: நீ இந்தியாவுக்குத் திரும்பிப் போகமாட்டாய், இங்கேயே இருப்பாய் என்பதற்கு என்ன கடதாசி? அன்று விண்ணப்பித்தவர்களுடைய பேத்தியிடம் இன்று வேறொரு நாட்டு அதிகாரி கேட்கிறார்: நீ அங்கேயே தங்கமாட்டாய், இலங்கைக்குத் திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன கடதாசி? கேள்வி தலைகீழாகிவிட்டது. கேட்கும் கடதாசி மாறவே இல்லை. காணி உறுதி, வங்கிப் புத்தகம், விட்டுப்போகாத பதிவு. தான் பிறந்த அறையே தோட்டத்துக்குச் சொந்தம் என்று இருக்கும் ஒருவரிடம் காணி உறுதி எங்கிருந்து வரும்? ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக்கு நரை விழுந்துவிட்டது. உறுதிப் பத்திரம் இல்லாததால் மண்ணோடு பிணைப்பு இல்லை என்று எழுதும் அதிகாரி, எங்கள் மீது இழைக்கப்பட்ட அநியாயத்தையே எங்களுக்கு எதிரான சாட்சியாக்குகிறார். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே என் வாதம்.

அத்தனை கொடுமை நிறைந்த அந்த 1949 சட்டத்திலும் ஒரு கதவு இருந்தது. ஆணையாளர் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று 15ஆம் பிரிவு சொன்னது. அப்படிப் போய், ஆணையாளர் சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தீர்ப்புப் பெற்றவர்களின் வழக்குகள் நம் சட்ட அறிக்கைகளில் அச்சாகிக் கிடக்கின்றன. எல்லோரும் வென்றார்கள் என்று சொல்லவில்லை. ருவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கில் மறுபரிசீலனை அதிகாரி அவர் பக்கம் நின்றார். உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. அந்தத் தோல்வியைக் காட்டி, “போய் என்ன கண்டார்கள்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கு நடக்காமல் போயிருந்தால், எங்களிடமிருந்து வாக்குரிமை பறிக்கப்பட்டதற்கு எதிரான எங்கள் குரல் நீதிமன்ற ஏடுகளில் இப்படிப் பதிவாகியிருக்காது. கள்ளத்தோணி என்று ஏசப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்த நாம், “அதிகாரி சொன்னால் சொன்னதுதான்” என்று தலையாட்டுவது எப்படித் தகும்?

இனி, சலுகைதானே என்ற வாதத்துக்கு வருகிறேன்.

அவுஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 65ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டத்தில் சொன்ன தகுதிகள் இருப்பதாகத் திருப்திப்பட்டால் வீசா கொடுத்தே ஆக வேண்டும், திருப்திப்படாவிட்டால் மறுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. மனம் இருந்தால் கொடுக்கலாம் என்ற பேச்சு அங்கே இல்லை. வருகையாளர் வீசாவில் அதிகாரி திருப்திப்பட வேண்டிய முக்கியமான விஷயம், விண்ணப்பித்தவர் உண்மையாகவே தற்காலிகமாகத் தங்கத்தான் வருகிறாரா என்பது. முன்பு எடுத்த வீசாவின் நிபந்தனைகளைக் காப்பாற்றினாரா, இனிக் காப்பாற்றுவாரா, வேறு பொருத்தமான சங்கதி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். இது ஒரு மனிதரின் உள்ளக்கிடக்கை பற்றிய தீர்மானம். கோவையை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல், எங்கோ ஒரு மேசையில் எடுக்கப்படும் தீர்மானம். அதில் தவறு நேரும். தவறு நேரக்கூடிய தீர்மானத்தைச் சலுகை என்று பெயர் சூட்டி மூடிவைக்க முடியாது.

ஐரோப்பா இதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு வீசா விதிக்கோவை, குறுகிய கால வீசா மறுக்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு என்கிறது. மொரோக்கோ நாட்டவரான எல் ஹசனி, போலந்துக்காரரான தன் மனைவியையும் பிள்ளையையும் பார்க்கப் போக வீசா கேட்டு மறுக்கப்பட்டார். வீசா முடியும் முன் திரும்பிவிடுவாரா என்பது நிச்சயமில்லை என்பதே காரணம். நம் அக்காவுக்குச் சொன்ன அதே காரணம். அவருடைய வழக்கில் 2017 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அலுவலகத்துக்குள்ளேயே மறுபடி பார்த்துக்கொள்வது போதாது, ஏதாவது ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தின் முன் செல்லும் வழி இருந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாரிஸுக்கோ பேர்ளினுக்கோ போக வீசா கேட்டு மறுக்கப்படும் நம்மவருக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த வீசா மறுக்கப்பட்டவர்களிடமும் ஊர் அதே பல்லவியைத்தான் பாடுகிறது: விடுங்க, திரும்பப் போடுங்க.

திரும்பப் போடுவதில் என்ன குறை என்று கேட்பீர்கள். செலவு குறைவு, சீக்கிரம் முடிவு வரும், உண்மைதான். ஆனால் முதல் நிராகரிப்பு அப்படியே நிற்கிறது. பல நாடுகளின் படிவங்களில், உங்களுக்கு எப்போதாவது வீசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். ஆம் என்று எழுதத்தான் வேண்டும். இரண்டாவது அதிகாரி முதலாமவரின் சந்தேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கோவையைத் திறக்கிறார். மேன்முறையீடு செய்தால் பெயர் கெட்டுவிடும் என்று ஏஜென்சிகள் பயமுறுத்துகின்றன. கெடுவது நிராகரிப்பால். மேன்முறையீடு ஒன்றுதான் அதைத் துடைக்கக்கூடியது.

இன்னொன்று இருக்கிறது. அது நம்மவர்களைப் பற்றியது என்பதால் சொல்லக் கசக்கிறது. திரும்பப் போடும்போது கோவையை ‘நல்லா’ப் போடச் சொல்கிறார்கள். முதல் தடவை உண்மையைச் சொல்லித் தோற்றவரிடம், உண்மை செல்லுபடியாகாது என்று இரண்டாவது தடவை கற்றுக்கொடுக்கப்படுகிறது. மைத்துனன் காணியின் உறுதி இவர் பெயருக்கு மாறுகிறது. கணக்கில் ஒரு மாதத்துக்கு இரவல் பணம் வந்து உட்காருகிறது. இல்லாத கடைக்கு வியாபாரப் பதிவு முளைக்கிறது. பிடிபட்டால் அவுஸ்திரேலிய விதி 4020இன்படி மூன்று வருடத்துக்கு வீசாக் கதவு அடைபடும். அடையாளத்தையே மாற்றிக் காட்டியிருந்தால் பத்து வருடம். பொய் சொல்லாத ஒரு தாயைப் பொய்க்காரியாக்கி அனுப்பும் வேலையை இந்த ‘இன்னொரு தடவ’ என்ற அறிவுரை எத்தனை வீடுகளில் செய்திருக்கிறது என்பது அந்தந்த வீட்டாருக்குத்தான் தெரியும். மேன்முறையீட்டுக்காகத் தீர்ப்பாயத்தின் முன் போகிறவர் எழுதிய உண்மையை மாற்றத் தேவையில்லை. அதற்கு மேலும் சான்று சேர்த்தால் போதும். சேமலாப நிதிக் கடிதம், பேரப்பிள்ளைகளின் அதிபர் தரும் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்று.

அந்தத் தீர்ப்பாயம் எப்படி நடக்கிறது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இயங்குகிறது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்று பார்ப்பதோடு அது நிற்பதில்லை. அதிகாரியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, புதிய சான்றுகளையும் வைத்துக்கொண்டு, இந்த வீசாவைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று முதலிலிருந்து பார்க்கிறது. சரியான, அல்லது மேலான முடிவு எது என்பதே அதன் கேள்வி என்று 1979இல் டிரேக் வழக்கில் அங்குள்ள பெடரல் நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. கனடாவில் இப்படி இல்லை. அங்கே தற்காலிக வீசா மறுப்பை எதிர்க்க பெடரல் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக வேண்டும். வென்றாலும் நீதிமன்றம் வீசாவைக் கொடுக்காது, வேறோர் அதிகாரியிடம் திருப்பி அனுப்பும். புதிய சான்றை அங்கே காட்ட இடமில்லை என்பதும் ஒரு குறை. ஆகவே தீர்ப்பாயம் இருக்கும் நாட்டில் அதைப் பயன்படுத்தாமல் விடுவது, கையில் இருப்பதை வீசியெறிவது போல.

ஆனால் அவுஸ்திரேலியத் தீர்ப்பாயம் எல்லோருக்கும் திறந்த கதவில்லை. பார்க்கப் போகும் உறவு அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் என்று இருக்க வேண்டும். அவருடைய விவரம் வீசா விண்ணப்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியவரும் அங்கே இருக்கும் அந்த உறவினர்தான், மறுக்கப்பட்டவர் அல்லர். மாமன், பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாம் நம் கணக்கில் இரத்த உறவு, அந்தச் சட்டத்தின் கணக்கில் வெளியார். அதுவும் திருத்தப்பட வேண்டிய குறைதான். காலக்கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். ஒரு நாள் பிந்தினாலும் நீட்டித்துக் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை. ஊர் அறிவுரை செய்யும் மிகப் பெரிய கேடு இங்கேதான். “ஆறு மாசம் விட்டு” என்று சொல்லும்போதே அந்த உரிமை செத்துப்போகிறது.

மறுஆய்வுகள் குவிந்து தீர்ப்பாயங்கள் மூச்சுத் திணறுகின்றன, நாட்டுக்குள் தங்கியிருக்கக் காலம் கடத்தும் தந்திரமாக அது மாறிவிட்டது என்பது கன்பராவின் வாதம். வீசா மறுக்கப்பட்ட மாணவர்கள் முடிவு வரும்வரை இடைக்கால வீசாவில் அங்கேயே இருக்கலாம் என்பதால், அந்த வாதத்தில் அவர்களைப் பொறுத்தவரை ஏதோ பொருள் இருக்கலாம். 2025 செப்டெம்பரில் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டமூலம், மாணவர் வீசா வழக்குகளை நேரில் விசாரிக்காமல் கடதாசியை மட்டும் பார்த்துத் தீர்க்க வழிசெய்கிறது. பிற தற்காலிக வீசாக்களுக்கும் அதை நீட்டிக்க இடம் வைத்திருக்கிறது. ஆனால் உக்குவளை லயத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் எந்த நாட்டில் காலம் கடத்துகிறார்? வழக்கு இரண்டு வருடம் இழுத்தால் அந்த இரண்டு வருடமும் அவர் இங்கேதான் இருக்கிறார். தாமதத்தால் ஒரு நாள்கூட அவருக்கு ஆதாயமில்லை. ஒருவர் செய்யவே முடியாத குற்றத்துக்காக அவர் உரிமையைக் குறைப்பது என்ன நியாயம்? கடதாசி இல்லாததால் மறுக்கப்பட்டவரைக் கடதாசியை வைத்தே மறுபடி தீர்ப்பது, அதே தவற்றை இரண்டாம் முறை செய்வதாகும். அக்காவின் கோவையில் ‘இல்லை’ என்ற ஒரு சொல் இருக்கிறது. அவரிடம் பேசினால் 34 வருடம் இருக்கிறது.

பிரித்தானியாவின் கதை இன்னும் தெளிவானது. 1969இல் மேன்முறையீட்டு உரிமையைக் கொடுத்தார்கள். 1993இல் வருகையாளரிடமிருந்து பறித்தார்கள். 2000இல் குடும்பத்தைப் பார்க்க வருவோருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2013 ஜூன் 25 அன்று மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது சொன்ன காரணமும், திரும்ப விண்ணப்பிப்பதுதான் சீக்கிரம், மலிவு என்பதே. கொடுக்கவும் எடுக்கவும் கொடுக்கவும் எடுக்கவும் அவர்களால் முடிந்தது, அந்த வரிசையில் நின்றவர்கள் அங்கே வாக்கில்லாத தாய்தகப்பன்மார் என்பதால்தான்.

எதிர்த்தரப்பில் எனக்குப் பதில் சொல்லக் கடினமான வாதமும் உண்டு. தீர்ப்பாயம் செலவு, தீர்ப்பாயம் தாமதம். அவுஸ்திரேலியாவில் கட்டணம் 3,500 டொலருக்கு மேல், நம் பணத்தில் சுமார் ஏழு இலட்சம் ரூபா. வென்றால் பாதி திரும்பக் கிடைக்கும், கடும் பணநெருக்கடி உள்ளவருக்குக் கட்டணம் பாதியாகக் குறையும். அப்படியும் அது பெரிய தொகை. அடுத்த மாதக் கல்யாணத்துக்கோ இன்று இறந்தவரின் சடங்குக்கோ எந்தத் தீர்ப்பாயமும் நேரத்துக்கு வந்து சேராது. அப்படிப்பட்ட அவசரத்தில் புதிதாக விண்ணப்பிப்பதே வழி என்றால் நான் மறுக்கமாட்டேன். என் சண்டை, அது ஒன்றுதான் வழி என்ற பேச்சோடு. தாமதம் தீர்ப்பாயத்தின் குறை. அதைத் தீர்க்க உறுப்பினர்களைக் கூட்ட வேண்டும், அவசர வழக்குகளை முன்னே எடுக்க வேண்டும். கதவை மூடினால் தாமதம் முடிந்துவிடும், விசாரணையும் முடிந்துவிடும்.

நம் நாட்டுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இலங்கையில் வதிவிட வீசா மறுக்கப்படும் வெளிநாட்டவருக்கென்று தனித் தீர்ப்பாயம் கிடையாது. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டுக் கொழும்புக்குப் போக வேண்டும். கனடாவைப் போல அங்கும் பார்ப்பது சட்டத்தைத்தான். வெளியே நமக்கு வேண்டுமென்று கேட்பதை, இங்கே வருபவருக்கும் கொடு என்று கேட்கத்தான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அறையில் நானும் அவர் மூத்த பேத்தியும் தரையில் கடதாசிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகள் இருக்கும் நாட்டில் தீர்ப்பாயம் உண்டு. காலக்கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள். பிரசவம் முடிந்துவிட்டது, பிள்ளை பிறந்ததைத் தொலைபேசியில்தான் பார்த்தார். “இப்ப போயி என்னத்துக்கு மாஸ்டர், புள்ள பொறந்துருச்சே” என்று முதலில் தயங்கியவர், கடிதத்தை மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். நம்ப முடியவில்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, சேமலாப நிதிக் கடிதத்தையும் தோட்டத்துச் சம்பளத் துண்டுகளின் கட்டையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

“நானே பேசலாமா?”

தொலைபேசியில் கேட்பார்கள், மொழிபெயர்ப்பாளர் இருப்பார், தமிழிலேயே பேசலாம் என்றேன். மகளுக்கு அனுப்ப வேண்டிய விவரங்களைப் பேத்தி எழுதத் தொடங்கினாள். தொழில் என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்தாள். அக்காவிடம் கேள் என்றேன்.

“ரப்பர் பால் வெட்டு. முப்பத்தி நாலு வருஷம்னு போடு. எந்த டிவிசன்னும் போடு.”